டிரம் யார்டு பெட்டி

கதவாண்ட போவாத தம்பி. இப்படி வந்து உக்காரு. தாழ் போட்டிருக்கேன், அவன் ஒதைக்கட்டும், ஒதைச்சா அவன் கால் தான் நோவும். இந்தா, துணிய ஒதட்டுல வெச்சி அழுத்திப் புடி. பல்லு ஆடுதா? நாக்கால தொட்டுப் பாரு. ஆடலயா, தப்பிச்ச. மகேந்திரன் கையால அடி வாங்கி முழுப் பல்லோட எழுந்தவன் இந்த ஆம்பூர்லயே கம்மி.

டேய் மகேந்திரா! கண்ணாடி மட்டும் ஒடஞ்சிச்சி, நான் வெளிய வந்தேன்னா இன்னா ஆவும்னு தெரியுமில்ல? கல்ல கீழ போடு. போடுறா!

போட்டுட்டான். போவ மாட்டான், அங்கயே தான் நிப்பான். இன்னொரு கையில பாத்தியா, தோல் ஓரம் சீவற கத்தி? அத்தக் கீழ போடல.

போலீசா? வாணாம். ஃபோன உள்ள வை. சொல்றேன்ல, வை. ஏற்கெனவே ஒரு தடவ வேலூர் ஜெயில்ல இருந்துட்டு வந்தவன் அவன். இன்னொரு தடவ போனான்னா அவ்ளோ தான். மொதல்ல நான் சொல்றத கேளு. கேட்டப்புறமும் கேஸ் குடுக்கணும்னு தோணுச்சின்னா நானே உன்ன ஸ்டேஷனுக்கு ஆட்டோ ஏத்தி உடறேன், போதுமா?

நீ இன்னா தப்பு பண்ணேன்னு கேக்கற. ஞாயமான கேள்வி தான். உன் பேரு ஹேமந்து தான? இத பாரு ஹேமந்து, காலையில வந்த, ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பாத்த. எல்லாம் அரதப் பழசு, ஓஎஸ் மாத்தியே ஆவணும், இல்லன்னா வைரஸ் பூந்துடும்னு சொன்ன. நான் எதிர்த்து ஒரு வார்த்த பேசினேனா? போடுப்பான்னேன். டீ சொன்னேன். டீ வர்றதுக்குள்ள நீ யார கேட்டு டிரம் யார்டுக்குப் போன? அந்தக் கண்ணாடி ரூம்ல இருக்கற கம்ப்யூட்டர் பெட்டில யார கேட்டு பென்டிரைவ சொருவின?

தபரேஸ் பாய் சொன்னாரா. சொல்லுவாரு. வஹாப் பாய் மொதலாளி, அவரு புள்ள இவரு. நல்ல மனுசன் தான், ஆனா டிரம்மாண்ட ஒரு நாள் முழுசா நின்னதில்ல. நம்ம தோல வாங்கற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வர்றானாம், ஒரே ஒரு பெட்டி பழசா இருந்தாலும் ஆர்டர் இல்லன்னு சொல்லிட்டானாம். ஆர்டர் போனா பாதி டிரம் நின்னுடும், பாதி பேரு ஊட்டுக்குப் போவணும். எனக்குத் தெரியாதா? உன்ன போன்னு சொன்னவரு தான், போடலாமா வாணாமான்னு சாய்ந்தரத்துக்குள்ள நீங்களே பாத்து சொல்லுங்கன்னு, ஆபீஸ் பாத்துக்கற என் தலையில கட்டிட்டுப் போய்ட்டாரு. நான் யோசிக்கறதுக்குள்ள நீ சொருவிட்ட.

நீ டிரம்ம கிட்ட போயி பாத்தியா? பெரிய மர பீப்பா, ஒரு ஊட்டு ஒசரம். தோல் பதப்படுத்தறதுக்கு அதுல தோலு, தண்ணி, கெமிக்கல் எல்லாம் போட்டு சுத்த உடறது. உள்ள சுத்தியும் மரக் கட்டைங்க முட்டிட்டு நிக்கும், தோலு தூக்கித் தூக்கி அடி வாங்கறதுக்கு. எவ்ளோ நேரம் சுத்தணும், எப்ப நிக்கணும்னு சொல்றது அந்தப் பெட்டி தான். சமயத்துல தோலு ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கும். அப்ப ஆளு உள்ள எறங்கி தான் இழுத்துப் போடணும்.

மெயின் ஆஃப் பண்ணிட்டு எறங்கணும், ஆமா. நல்லா கேட்ட. மெயின நிறுத்தினா வரிசையில இருக்கற அத்தன டிரம்மும் நின்னுடும், அதுல கெடக்கற தோலு கெட்டுப் போவும், மேனேஜர் வந்து ஆயா அம்மாவ எல்லாம் இழுப்பான். அதனால இந்தப் பக்கம் ஒரு பழக்கம். உள்ள எறங்கறவன் பெட்டில டிரம்ம நிறுத்திட்டு, தோள்ல இருக்கற துண்ட எடுத்து கம்ப்யூட்டர் மூஞ்சி மேல போட்டுடுவான். துண்டு கெடந்தா உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம். மொதலாளியே வந்தாலும் கை வைக்க மாட்டாரு. எங்க அப்பங்காலத்துல கரண்டு சுவிட்சு மேல போட்டாங்க, கம்ப்யூட்டர் வந்ததும் இது மேல போடறாங்க. மனுசனுக்கு மனுசன் புரிஞ்சிக்கற விஷயம் அது.

ஏய், ஒதைக்காதடா! பேசிட்டு இருக்கேன்ல!

ராணிப்பேட்டை பக்கம் ஒரு கம்பெனி. பேரு வாணாம். அங்கயும் இதே கத தான், ஆபீஸ் பெட்டியெல்லாம் பழசுன்னு ஒருத்தன் வந்து புதுசு போட்டான். போட்ட கையோட டிரம் பெட்டிக்கும் போட்டுட்டுப் போய்ட்டான். யாருன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. நீ இல்ல, எனக்குத் தெரியும், உன் மூஞ்சி பாத்தாலே தெரியுது. அவனும் உன்ன மாதிரி தான் இருந்திருப்பான், பாவம்.

மறு வாரம். கார்முகிலன்னு ஒரு ஆளு உள்ள எறங்கினான். டிரம்ம நிறுத்தினான், துண்ட போட்டான், எறங்கினான். மகேந்திரன் டிரம் வாயாண்ட நின்னு அவன் தூக்கிக் குடுக்கற தோல வாங்கிப் போட்டுட்டு இருந்தான். அந்தப் பெட்டி இருக்கே, அது புது ஓஎஸ்ல இன்னாவோ அப்டேட்டுன்னு, கொஞ்ச நேரத்துல ரீஸ்டார்ட் ஆவப் போறேன், ஓகேவான்னு கேட்டிருக்கு. ஸ்கிரீன்ல கேட்டிருக்கு தம்பி. ஸ்கிரீன் மேல துண்டு கெடக்குது. எவன் பாப்பான்?

அது பாட்டுக்கு ஆஃப் ஆயி அது பாட்டுக்கு ஆன் ஆச்சி. ஆன் ஆனதும் டிரம் புரோகிராம் தன்னால எழுந்துக்கிச்சி, உட்ட எடத்துல இருந்து ஓட ஆரம்பிச்சிடுச்சி.

மகேந்திரன் அவன் கைய புடிச்சிட்டான். புடிச்சி இழுத்திருக்கான். டிரம் உடுமா? மணிக்கட்டு கிட்ட மளுக்குனு சத்தம் கேட்டுதாம், அப்புறம் கை வழுக்கிடுச்சி. பெட்டில அமுக்கிப் பாத்தான், நிக்கல. மெயின் ரூமுக்கு ஓடினான், பூட்டியிருக்குது. கல்ல எடுத்து பூட்ட அடிக்கறான், அடிக்கறான், உள்ள அது சுத்துது. மொதல்ல கத்தற சத்தம் வந்துது. அப்புறம் தொம்மு தொம்முனு தோலு உழற சத்தம் தான். நிறுத்தி வெளிய எடுத்தாங்க. நீ சின்னப் பையன், அத்த சொல்ல மாட்டேன். மூஞ்சின்னு ஒண்ணு இல்ல. இடுப்புல கட்டியிருந்த அரணாக்கவுற வெச்சி தான் அடையாளம் சொன்னாங்க.

மேனேஜர் இன்னா சொன்னான் தெரியுமா? யாரும் ஒண்ணும் பண்ணல, சிஸ்டம் எரர்னான். சிஸ்டம் எரராம். அத்தக் கேட்டதும் மகேந்திரன் அந்த சிஸ்டத்த வயரோட புடுங்கினான். அத்தாலயே மேனேஜர் மூஞ்சில அடிச்சான், அவன் கீழ உழுந்தும் உடல. தாடை தொங்கிப் போச்சி. அப்புறம் அவன் கால புடிச்சி தரதரன்னு தோலு ஊறப் போடற சுண்ணாம்பு குழி வரைக்கும் இழுத்துட்டுப் போய்ட்டான். நாலு பேரு மேல உழுந்து அமுக்கலன்னா கொலைக் கேஸு. தப்பு தான். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்தாள் தாடைய நெனச்சா எனக்குப் பாவமா இல்ல. வயிறு எரியுது தம்பி, இன்னிக்கும் எரியுது.

வெளிய வந்தவனுக்கு வஹாப் பாய் தான் கூப்ட்டு வேல குடுத்தாரு. இன்னா வேல தெரியுமா? டிரம் வேல தான். அவனுக்கு வேற இன்னா தெரியும்? தெனமும் உள்ள எறங்கறவன் அவன் தான். நீ பென்டிரைவ சொருவும்போது பாத்துட்டான். அதான் அடிச்சான்.

அழாத. உன்ன அழ வெக்க சொல்லல. சொல்லு, இத்த சரி பண்ண முடியுமா முடியாதா? தானா ரீஸ்டார்ட் ஆவாம நிறுத்திடலாமா? ஆன் ஆனாலும் புரோகிராம் தானா எழுந்துக்காம பண்ணிடலாங்கற. ஆள் வந்து அமுக்கினா தான் ஓடும். சரி. பெரிய வேலையா? ஒரு டீ குடிக்கற நேரமா!

அட பாவிங்களா. ஒரு டீ குடிக்கற நேரம். அத்த அங்க ஒருத்தனும் பண்ணல பாரேன்.

இரு, ஃபோன் அடிக்குது. ஆங், பூங்குழலி தான் பேசறேன், சொல்லுங்க தபரேஸ் பாய். பாத்துட்டேன் பாய். போட்டுடலாம். ஆமா, டிரம் பெட்டிக்கும் தான். சத்தமா? அது ஒண்ணுமில்ல, மகேந்திரன் கதவ ரிப்பேர் பண்றான். இல்ல பாய், நீங்க வர வாணாம். டெஸ்ட் பண்ணிட்டு நானே சொல்றேன்.

கேட்ட இல்ல, போடலாம்னு சொல்லிட்டேன். எத்தன பேரு பொழப்பு. எழுந்திரு. நீ சொன்ன மாதிரி பண்ணா ஒண்ணும் ஆவாது தான? நல்லா சொல்லு, கேரண்டியா? கேரண்டி. நூத்துக்கு நூறு கேரண்டிங்கற. சரி, நம்பறேன்.

இன்னாது? கார்முகிலன் எனக்கு இன்னா ஆவணுமா? ஊட்டுக்காரரு. பேர சொல்லி சொன்னதால உனக்குத் தெரியல. இருந்த வரைக்கும் நான் அவரு பேர சொன்னதே இல்ல, போனப்புறம் தான் சொல்றேன். மகேந்திரன் என் கூடப் பொறந்தவன், அவனுக்கு அவரு மாமன். உடு, அதெல்லாம் எதுக்கு இப்ப?

வா, கதவ தொறக்கறேன். பயப்படாத, நான் கூட வந்தா கத்திய எறக்கிடுவான். மொதல்ல பெட்டிய முடி. முடிச்சதும் காலி டிரம் ஒண்ணு தொறந்து வெக்கச் சொல்றேன், நீ உள்ள போயி நில்லு. பெட்டியாண்ட நான் நிக்கறேன், நானே ரீஸ்டார்ட் அமுக்கறேன். இன்னாத்துக்கு பின்னால நகர்ற? கேரண்டின்னு நீ தான சொன்ன?

செருப்ப இங்கயே கழட்டிடு. உள்ள ஈரம், வழுக்கும்.