கார் நிறுத்துமிடத்தில் ஒரு மாமியார்

"உனக்குன்னு ஒரு வீடு வரைஞ்சா, அதுல நீ எங்க இருப்பே?" என்று அத்தான் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

சும்மாதான் கேட்டார். தேநீர் வரத் தாமதமாகிக்கொண்டிருந்தது, பேச வேறு ஆளில்லை. நான் தலை குனிந்தபடி அட்டை வெட்டிக்கொண்டே இருந்தேன். என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. கேள்வி கேட்டவர் எதிரே நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடம் பாதியில் நின்றதும் அதனால்தான். ஆசிரியை பெயர் வாசிக்கும்போது 'உள்ளேன்' என்று சொல்ல வாய் வராததால், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே நான் ஒரு வருடம் பள்ளிக்கு வராதவளாகிவிட்டேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நடந்த எதிலும் கோபமோ பொறாமையோ கிடையாது. நான் அமைதியான பிறவி. அக்கா என்னைப் 'பூனை' என்றுதான் கூப்பிடுவாள்.

அத்தான் வீடு வரைகிற ஆர்க்கிடெக்ட். எங்கள் வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். தொலைபேசியும் வரவு செலவும் அக்காவின் பொறுப்பு. அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து அட்டையில் மாதிரி வீடுகள் செய்வது என் வேலை. வருகிறவர்கள் யாரும் என்னைப் பார்த்ததில்லை. பார்த்தவர்களும் அலமாரியின் பாகம் என்றே நினைத்திருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு மருந்துக்கடைக்காரர். மாடிப்படியை இங்கே மாற்றுங்கள், அங்கே மாற்றுங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்தப் படிக்கட்டு வீட்டையே ஒரு சுற்று சுற்றி வந்தது. கட்டி முடித்து, பெயின்ட் காய்ந்த பிறகு அவர் சொன்னார்: "எனக்கு மாடியே வேணாம்னுதான் சார் முதல்லேர்ந்து தோணிச்சு." அத்தான் அன்று போய்ப் படுத்தவர், பல நாள் சுவர்ப்பக்கமே திரும்பிப் படுத்திருந்தார்.

"வாடகைக்கு ஒரு ரூம் விடறதுன்னா எத்தனை கேள்வி கேட்போம்? வீடு கட்ட வர்றவங்க யாரு, எவருன்னு பார்க்காம தலையாட்டுவீங்களா?" என்றாள் அக்கா.

அப்படித்தான் பொம்மைகள் வந்தன. முதல் பேச்சு முடிந்ததும் அத்தான் ஒரு தோராயமான வரைபடம் போடுவார், நான் அதற்கு மாதிரி செய்வேன். கூரை தனியாகக் கழன்று வரும். குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை அட்டைப் பொம்மைகளும் செய்துவிடுவேன். அடுத்த முறை அவர்கள் வரும்போது அத்தான் கூரையைத் தூக்கிவிட்டு, "காலைல எல்லாரும் எழுந்தாச்சுன்னு வச்சுக்குங்க. யார் யார் எங்க இருக்கீங்க?" என்பார். வைப்பார்கள். யார் யாருடைய பொம்மையைத் தொடுகிறார், யாரைக் கேட்காமல் வைக்கிறார் என்று அத்தான் கவனிப்பார். பிறகு காற்று, வெளிச்சம் பற்றிப் பேச அவர்களை மொட்டைமாடிக்கு அழைத்துப் போவார். இறங்கி வந்து பார்க்கும்போதுதான் சொந்த வீடும் அடுத்தவர் வீடு மாதிரி தெரியும், குறைகள் கண்ணில் படும் என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குதான். அவர்கள் மாடியில் இருக்கும்போது வீடு என்னோடு தனியாக இருக்கும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

முதல் தடவை நடந்தது விபத்து. ஒரு வங்கி அதிகாரி, அவர் மனைவி, அவர் அம்மா. மின்விசிறிக் காற்றில் அம்மா பொம்மை விழுந்துவிட்டது. எடுத்து நிறுத்தினேன். முன்பு எங்கே நின்றது என்று நினைவில்லை. ஆனால் "அத்தை எங்க இருப்பாங்க?" என்று அத்தான் கேட்டபோது மருமகளின் கண் ஒரு நொடி எங்கே போய் வந்தது என்பது நினைவிருந்தது. அங்கேயே வைத்தேன். கார் நிறுத்துமிடம்.

இறங்கி வந்த மாமியார் குனிந்து பார்த்தார். "ஏம்மா, என்னைக் கார் பக்கத்துல நிறுத்தியிருக்கியே. என்னை ஏத்திக்கிட்டுப் போகவா, என் மேல ஏத்திட்டுப் போகவா?"

மருமகள் உடனே 'நான் வைக்கல' என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனையில்தான் எல்லாம் கெட்டது; வீடே வேண்டாமென்று போய்விட்டார்கள்.

"நல்லவேளை. சுவர் எழும்பின பிறகு இது தெரிஞ்சிருந்தா நம்ம கதி?" என்றார் அத்தான் அன்று சாப்பிடும்போது. அக்கா பெருமூச்சு விட்டாள். என்னால் ஒரு வீடு நிம்மதியாகத் தூங்கியது அதுதான் முதல் முறை. அந்தச் சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை.

பிறகு விபத்துக்காகக் காத்திருக்கவில்லை. அண்ணன் தம்பி இருவர் ஒரே கூரையின் கீழ் வாழ ஆசைப்பட்டு வந்தார்கள். பெரிய படுக்கையறையில் இருந்த அண்ணனைச் சின்ன அறைக்கும், தம்பியைப் பெரிய அறைக்கும் மாற்றினேன். வந்தபோது ஒரே வண்டியில் வந்தார்கள். இப்போது வக்கீல்கள் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்களாம். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி வந்தது. அவனைக் கீழ்த்தளத்திலும் அவளை மேல்தளத்திலும் வைத்தேன், அவ்வளவுதான். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இப்படியே நல்லாத்தான் இருக்கு" என்றாள். கல்யாணம் நின்றுபோனது. என் நல்ல காரியங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

தனியாக வாழும் ஒரு பாட்டு டீச்சர் வந்தார். ஒரே பொம்மை. யாரோடு சண்டை மூட்டுவது? பொம்மையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அவர் இறங்கி வந்து பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார், போய்விட்டார். அதை நினைத்தால் இப்போதும் சற்றுச் சங்கடம்தான். ஆனால் நீங்களே சொல்லுங்கள், சுவரைப் பார்த்து நிற்கிற ஒருவருக்கு அத்தனை பெரிய சன்னல் எதற்கு?

இப்படி ஒவ்வொருவராக வடிகட்டியதில், அத்தானிடம் தவறான வாடிக்கையாளர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. சரியானவரும் மிஞ்சவில்லை என்பது பிறகுதான் பேச்சில் வந்தது. அத்தானிடம் இருந்த வரைபட உதவியாளர் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார். ஒரு டைல்ஸ் கடையில் அத்தானை வேலைக்குக் கூப்பிட்டார்கள். குளியலறை ஓடுகளின் நிறத்துக்கு யோசனை சொல்லும் வேலை. முன்னறையை ஒரு தையல்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்று அக்கா பேச ஆரம்பித்தாள்.

"இந்தப் பல் டாக்டரும் போயிட்டாருன்னா மேசையைக் காலி பண்ணிட வேண்டியதுதான். அந்த அட்டை வீடுங்களையும் சேர்த்துத்தான்" என்றாள்.

பல் டாக்டர், அவர் மனைவி, அவர் அப்பா. அந்த வீட்டை அத்தான் உயிரைக் கொடுத்து வரைந்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. கிழக்கே ஒரு சன்னல், ஒரு மேசை, ஓர் ஆள், அதற்கு மேல் இடமில்லை. வரைபடத்தில் 'ஸ்டோர்' என்று எழுதியிருந்தார். அந்த அறையை மட்டும் நான் மூன்று தடவை வெட்டி ஒட்டினேன்.

முதல் தடவை அப்பாவைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்றினேன். "அட, காத்து பிச்சுக்கிட்டு வருமே! யாரு வச்சாலும் நல்லா இருக்கட்டும்" என்றார் பெரியவர்.

அடுத்த முறை டாக்டரை நாய்க்கூண்டுக்குள் வைத்தேன். "பொருத்தமாத்தான் இருக்கு. குரைக்க மட்டும் கத்துக்கிட்டா நாய் வாங்கற செலவு மிச்சம்" என்றார் மனைவி. டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அத்தானும் சிரித்தார். அவர் சிரித்து வெகு காலமாகியிருந்தது. அடுத்த வருகையில் கையெழுத்து என்று முடிவாயிற்று.

எனக்கு அது நல்லதாகப் படவில்லை. எதற்கும் சண்டை போடாத குடும்பத்தை எப்படி நம்புவது? எங்கேயோ எதையோ மறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஆகவே கையெழுத்துப் போட வந்த அன்று, அவர்கள் மாடிக்குப் போனதும், எந்தப் பொம்மையையும் நகர்த்தவில்லை. கூடுதலாக ஒன்றை வைத்தேன். மாடிப்படிக்குக் கீழே, சன்னலோரம்.

"இது யாரு?" என்றார் மனைவி, இறங்கி வந்ததும்.

"எனக்குத் தெரியாதே" என்றார் டாக்டர்.

"நான் யாரையும் கூப்பிடலப்பா" என்றார் பெரியவர்.

"கூப்பிடாமலா ஒரு பொண்ணு வந்து படிக்குக் கீழ நிக்கறா?"

டாக்டர் உதவி செய்ய நினைத்துத்தான் சொன்னார்: "நம்ம நர்ஸா இருக்குமோ?"

"நான் பொண்ணுன்னுதானே சொன்னேன். உங்களுக்கு ஏன் நர்ஸு ஞாபகத்துக்கு வந்தா?" என்றார் மனைவி மெதுவாக. பெரியவர் தன் பொம்மையை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது அக்கா, எதையாவது கொடுத்துச் சமாளிக்கலாம் என்று, "பூனை, அந்த பிஸ்கட்டைக் கொண்டா" என்றாள். தட்டோடு நான் வெளியே வந்தேன். மனைவி என்னைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அந்தப் பொம்மைக்குத் தலை குனிந்திருக்கும். முடி முகத்தில் விழுந்திருக்கும்.

"சார், உங்க வீட்டுப் பூனை எங்க வீட்டுல என்ன பண்ணுது?"

பிறகு அவர்கள் தங்களுக்குள் சமாதானமாகிவிட்டார்கள். "யோசிச்சுச் சொல்றோம்" என்று மூவரும் ஒரே குரலில் சொல்லிக் கிளம்பியதிலிருந்தே அது தெரிந்தது.

அக்கா அலமாரிக்குப் போனாள். போனவர்களின் வீடுகளையெல்லாம் நான் தூசி படாமல் அங்கேதான் அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு கூரையாகத் தூக்கினாள். வங்கி அதிகாரியின் வீட்டில் மாடி அறையில் நான் இருந்தேன். அண்ணன் தம்பி வீட்டில் பெரிய படுக்கையறையில் இருந்தேன். பாட்டு டீச்சர் வீட்டில் அந்தப் பெரிய சன்னலுக்கு முன்னால், வெளியே பார்த்தபடி இருந்தேன். காலி வீடு கெட்டுப்போகும், ஆள் புழக்கம் வேண்டும் என்று அத்தானே பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா இப்படிப் பண்ணே?" என்றார் அத்தான்.

இதுவரை உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் பேசியது அன்றுதான். அம்மா பொம்மை விழுந்தது நீங்கலாக எல்லாம் நான் தெரிந்து செய்தது, எல்லாரையும் அனுப்பியது நான்தான், உங்கள் நிம்மதிக்காகத்தான் என்றேன்.

அக்கா டாக்டர் வீட்டிலிருந்து என் பொம்மையை எடுத்து, வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பாவம், பதற்றத்தில் அவளுக்கு இடம் தெரியவில்லை. நான் அதை எடுத்துப் படிக்குக் கீழே, சன்னலோரம் சரியாக வைத்தேன். அத்தான் என்றோ கேட்டதற்குப் பதில் பாக்கி இருந்ததே.

"இங்கதான் அத்தான்" என்றேன்.

அத்தான் அந்த அறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அளவு நாடாவை மேசையிலேயே மறந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அளவெடுக்கத்தான் இருக்கும், வெளியே போனார்.