வருங்கால வைப்பு நிதி உண்டா?

"எனக்கு பி.எஃப். பிடிக்கிறாகன்னு யார்ட்டயும் சொல்லிராதீக மதினி."

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் காலை பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் இப்படிச் சொன்னாள். இருவரும் ஒரே பட்டாசு கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள்.

"ஏன்டி, களவாண்ட காசா அது? கம்பெனியில எல்லாருக்குந்தான பிடிக்கிறாக."

"நான் தனியா மாசாமாசம் ஒரு கவர்மெண்டு பென்ஷனுக்குக் கட்டுறேன்ல. பி.எஃப். இருக்கிறவுக அதுல சேரவே கூடாதாம். கம்ப்யூட்டர் சென்டர்ல நேத்துத்தான் சொன்னாக."

"சேரும்போது கேக்கலையா?"

"கேட்டாக. பாரத்துல 'வருங்கால வைப்பு நிதி உண்டா'ன்னு இருந்துச்சு. பேங்க்ல டெபாசிட் போடுறதாக்கும்னு நெனச்சேன். அம்புட்டு வசதி நமக்கு ஏதுன்னு சிரிச்சேன். இல்லைன்னு எழுதிக்கிட்டாக."

மதினி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அதுதானா பி.எஃப்.?"

"அதேதானாம்."

"அப்ப கட்டுனதெல்லாம் போயிருமா?"

"அது போனாப் போகுது. பொய் சொல்லிச் சேந்துட்டேன்னு கம்பெனிக்கு எழுதிப் போட்டா, இருக்கிற வேலையும் போயிரும். ராத்திரியெல்லாம் உறக்கமே இல்ல."

"கிறுக்கி, நீ தெரியாமத்தான சொன்னே. போயி அதையே சொல்லு."

"தெரியாமச் சொன்னேன்னு பாரத்துல எங்க இருக்கு மதினி? இல்லைன்னு மட்டுந்தான் இருக்கு. அதுக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு."