லாபம், ரெண்டு, மூணு

எங்கள் வீட்டில் யாரும் எதையும் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்க மாட்டோம். களத்தில் வள்ளப் படியால் கடலைக்காய் அளக்கும்போது அப்பா முதல் வள்ளத்தை ‘லாபம்’ என்பார், அடுத்தது ரெண்டு. மலையடிவாரத்தில் பாதி ஊர் அப்படித்தான் அளக்கிறது. நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தானே இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள்.

என் பெயர் நாகலட்சுமி. மலைமேல் செம்மேட்டில் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நான் வரும்வரை அங்கே யாரும் எதையும் எண்ணியதில்லை. வயிற்றைத் திறந்தால் ரத்தத்தை ஒற்ற உள்ளே துணி வைப்பார்கள், மாப் என்போம். ஊறிவிட்டால் அது துணியா சதையா என்றே தெரியாது. கட்டுக்குப் பத்து, வெளியே வருவதும் பத்து, நான் ‘சரி’ என்றால்தான் டாக்டர் தைக்கலாம் என்று சட்டம் போட்டவள் நான். தேவராஜ் டாக்டர் சிடுசிடுப்பார். சிடுசிடுக்கட்டும், நான் அசைய மாட்டேன். கதவில் ஒரு பலகையும் மாட்டினேன்: ‘இங்கே யார் வயிற்றிலும் துணி தங்கியதில்லை.’ மலைச்சனம் பிரசவத்துக்குப் பயமில்லாமல் வந்தது அதற்குப் பிறகுதான்.

போன தை மாதம் கௌசிகா வேலைக்குச் சேர்ந்தாள். மலைமேலேயே தேவனூர் நாட்டுப் பெண், சூட்டிகையானவள். எண்ணுவதற்குக்கூட என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். மாப் கட்டும் வேலையை அவளிடம் விட்டேன். கட்டைப் பிரித்ததும் மறுபடி எண்ண வேண்டும் என்பதும் என் சட்டம்தான். பூங்குழலியின் சிசேரியன் அன்றுதான் அவள் போட்ட கட்டை முதன்முதலில் பிரித்தோம்; குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்துகொண்டே வந்தது, மறுபடி எண்ண நேரமில்லை.

“பத்தா கண்ணு?” என்று கேட்டேன்.

“பத்துங்கக்கா.”

முடிவில் மாப்களைத் தரையில் விரித்து எண்ணினேன். லாபம், ரெண்டு, மூணு என்று பத்து வரை வந்தது. சரி என்றேன், டாக்டர் தைத்தார். ஆண் குழந்தை, நன்றாக அழுதது.

மறுநாள் காலை டீ குடித்தபடி கௌசிகா கட்டுப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு...”

டீயைக் கீழே வைத்தேன். “அதென்ன கண்ணு, லாபத்துக்கப்பறம் ஒண்ணு?”

“லாபம் சாமிக்குங்கக்கா. அதைப் போயி கணக்குல சேக்கலாங்களா?”

அவள் போட்டு வைத்திருந்த கட்டுகளை எல்லாம் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் பதினொன்று. முந்தின நாள் பூங்குழலியின் வயிற்றிலிருந்து வெளியே வந்தது பத்துதான். ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்துவிட்டு, இனி ‘ஒண்ணு’ என்றே தொடங்கு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் பார்வையே சரியில்லை. வராந்தாவில் நான் யாரிடம் பேசினாலும் எதையோ துடைப்பது போலப் பக்கத்திலேயே நின்றாள். வேவு பார்க்கிறவளை எனக்குத் தெரியாதா?

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். ஒருத்திக்காகப் பலகையைக் கழற்றினால் மற்றவர்கள் பழையபடி வீட்டிலேயே பெற்றுக்கொள்வார்கள். ‘எண்ணி என்னத்தைக் கிழித்தாய்’ என்பார் டாக்டர், எண்ணுவதே நின்றுபோகும். அப்புறம் எத்தனை வயிற்றில் எத்தனை துணி தங்கும்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பதினைந்தாம் நாள் பூங்குழலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாயு என்று மாத்திரை கொடுத்தேன். அடுத்த வாரம் கொதிக்கும் காய்ச்சலோடு புருஷன் அண்ணாமலையின் தோளில் சாய்ந்தபடி வந்தாள். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதி, விவரம் சொல்லி அனுப்பும்படி என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். ஸ்கேனுக்கு மலையிறங்க வேண்டும்.

அண்ணாமலையைத் தனியாக அழைத்தேன். “பச்சைத் தையலோட எழுவது வளைவு எறங்குனா தாங்குவாளுங்களா? வேண்டுதல் ஏதாச்சும் பாக்கி இருக்குதுங்களா?”

அவன் முகம் சுண்டிப்போனது. “இருக்குதுங்க சிஸ்டர். கொழந்த பொறந்தா பெரியசாமிக்குக் கெடா வெட்டறேன்னு வேண்டியிருந்தனுங்க.”

“மொதல்ல அதைச் செய்யுங்க.”

பாவம், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். சீட்டு என் பையிலேயே இருந்தது.

கெடா வெட்டிய மூன்றாம் நாள் அவளை ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். பாதி வளைவு தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

பிரேதப் பரிசோதனையில் எடுத்த துணியை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். எங்கள் மாப்தான். பக்கத்தில் இருப்பது அந்தச் சீட்டு. கௌசிகா என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நான் எதையும் மறுக்கவில்லை. உள்ளே துணி இருப்பது தெரிந்தேதான் அவளை ஸ்கேனுக்கு அனுப்பாமல் கோயிலுக்கு அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பலகையை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். அதில் பொய் இல்லை ஐயா. அந்தத் துணியைத்தான் வெளியே எடுத்துவிட்டீர்களே.