படத்தில் சத்தம் இல்லை

ஓடுகிறேன். இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை. என் பிள்ளை இல்லை. கூட வேலை செய்கிற முத்துமாரியின் மகள். கரிசல் வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புக்குள் கால் போகிறது. விழுகிறேன். எழும்புகிறேன். வானத்தில் அந்த விமானம் இன்னும் சுற்றுகிறது. பின்னால் பால்வாடி ஆயா கத்துகிறாள்.

"ஏ அக்கா, பிள்ளையத் தூக்கிட்டு எங்க ஓடுதீய?"

திரும்பவில்லை. காய்ந்து நின்ற பருத்திமாருக்கு நடுவே பிள்ளையைக் கிடத்தினேன். மேலே கவிழ்ந்து படுத்தேன். அதன் காதைப் பொத்தினேன். குண்டுச் சத்தத்தில் செவிப்பறை கிழியாமலிருக்க வாயைத் திறந்து வைக்கச் சொன்னேன். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. வீறிட்டு அழுதது.

வியாழக்கிழமை. காலை பதினொன்று முப்பத்தைந்து.

நான் இலங்கையில் வன்னியிலிருந்து வந்தவள். அகதி முகாமில் இருக்கிறேன். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கிறேன். அந்த வாரம் டிவியில் முழுக்க எல்லைச் சண்டை. மூன்று நாளாக எங்கள் தலைக்கு மேலே ஒரு விமானம். ராணுவத்தினுடையது என்றார்கள். யாருடைய ராணுவம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

தீக்குச்சி மருந்து பற்றிக்கொள்ளும் என்று போனை உள்ளே விடமாட்டார்கள். டீ நேரத்தில்தான் கையில் கிடைக்கும். அன்று முத்துமாரி மொட்டைமாடிக்கு ஏறி, இழுத்துப் பெரிதாக்கி ஒரு படம் பிடித்தாள். நேரே என்னிடம் கொண்டுவந்தாள்.

"யக்கா, நீங்க இதெல்லாம் பாத்தவிய. இது குண்டு போடுததா? பாப்பாவக் கூட்டிட்டு வந்துரட்டா?"

எல்லோரும் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தவளாம். எந்த விமானத்தை நான் நிமிர்ந்து பார்த்தேன்? என் முகம் பதுங்குகுழி மண்ணில் அல்லவா கிடந்தது. எங்களுக்குக் காதுதான் கண். வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்தால் கிபிர், குண்டு போடுவது. ஒரே சீராக இரைந்துகொண்டு நின்றால் வேவு விமானம். அதை வண்டு என்போம்.

படத்தில் சத்தம் இல்லை. வெளியே காது கொடுத்தேன். ஆபீசுக்குப் பின்னால் நிற்கும் காற்றாலையின் இரைச்சல் மட்டும் கேட்டது. படத்தைப் பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாக உடைந்தது. ஒரு வெள்ளைப் புள்ளி. இறக்கை நேராக இருக்கிறதா, பின்னால் சாய்ந்திருக்கிறதா? தெரியவில்லை.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லை, பயப்படாதே என்றும் சொல்லியிருக்கலாம். அப்படி ஒருமுறை சொன்னவள்தான் நான்.

வன்னி. காலை ஏழு பத்து. வண்டுச் சத்தம். வண்டு குண்டு போடாது. பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லும். பிறகு கிபிர் வர அரை மணி ஆகும். அதற்குள் சமைப்போம், குளிப்போம், தண்ணீர் அள்ளுவோம். எல்லோரும் அப்படித்தான் பழகியிருந்தோம். என் மகள் நிவேதா வாளியோடு நின்றாள். "அம்மா, போகட்டோ?"

"வண்டுதான். ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வா."

ஏழு பதினாறுக்குக் கிபிர் வந்தது. ஆறே நிமிடம்.

முத்துமாரி பதிலுக்கு நிற்கிறாள். போனை அவள் கையில் திணித்தேன். பால்வாடிப் பக்கம் ஓடினேன். "விழுந்து படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" என்று கத்திக்கொண்டே ஓடினேனாம். எனக்கு நினைவில்லை.

குண்டு விழவில்லை. பன்னிரண்டு மணிக்கு முத்துமாரி வந்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பிள்ளையை எடுக்க முடிந்தது. "விடுங்கக்கா, ஒண்ணுமில்லக்கா" என்று அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பிள்ளையை விட மனம் வரவில்லை.

அது பயிற்சி விமானம் என்றார் போர்மேன் அண்ணாச்சி. நிலம் அளக்க வந்தது என்றார் டீக்கடைக்காரர். படம் இன்னும் முத்துமாரியின் போனில் இருக்கிறது. அது எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கரிசலில் தொலைந்தது பிள்ளையின் ஒரு செருப்பு. வெடிப்புக்குள் கைவிட்டுத் துழாவினேன். கிடைக்கவில்லை.

வன்னியில் அன்று கிணற்றடியில் போனது ஒன்பது உயிர். நிவேதாவுக்குப் பத்து வயது. எட்டுப் பேர் தாங்களாகப் போனவர்கள். அவள் நான் அனுப்பிப் போனவள்.