மூன்று முறை திரும்பி வந்தவன்

எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு இரண்டாம் பூசைக்கு உட்கார இடம் வேண்டுமென்றால் ஏழே முக்காலுக்குள் போய்விட வேண்டும். முப்பது வருடமாக நான் ஏழரைக்கே போய்விடுகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். நீ எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

பெயர் அருள்ராஜ். அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாலக்கரையில் அப்பாவோடு இருக்கிறேன். அப்பா பிச்சைமுத்து, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, வெந்நீர் போடுவது எல்லாம் நான்தான். தம்பி பிராங்க்ளினும் அவன் மனைவி கலைமதியும் மாடியில் இருந்தார்கள். அவன் ஆட்டோ ஓட்டினான். ஏழு வருடம் குடித்தான். கலைமதி இரண்டு தடவை கோபித்துக்கொண்டு மணப்பாறையில் அம்மா வீட்டுக்குப் போய், மனசு கேட்காமல் திரும்பி வந்தாள்.

போன வருடம் பெரிய வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவனாகவே கோவிலுக்கு வந்தான். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற வரிசையில் கடைசி ஆளாக நின்றான். உள்ளே முக்கால் மணி நேரம். வெளியே வந்து கோவில் குழாயில் முகம் கழுவினான். துடைக்கவில்லை. தண்ணீர் சட்டையில் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அவ்வளவையும் சொல்லிட்டேண்ணே. சாமி திட்டுவாருன்னு நெனச்சேன். நீ கெளம்புறதுக்கு முன்னாடியே ஆண்டவர் ஒன்னத் தேடிக் கெளம்பிட்டாருப்பான்னு சொன்னாருண்ணே."

வீட்டு வாசலில் அப்பா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு ஜெகபர் சாதிக் பாய் சந்தோஷப்பட்டுப் பிரியாணி கொடுத்தனுப்பினார். தவக்காலம் என்பதால் நான் சாப்பிடவில்லை. அப்பா சாப்பிட்டார்.

அந்தச் சந்தோஷத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். யோக்கியமான தொண்ணூற்றொன்பது பேரைவிட, மனம் திரும்பும் ஒரு பாவிக்காக மோட்சமே மகிழ்கிறது என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்வார். நான் அந்தத் தொண்ணூற்றொன்பதில் ஒருவன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஆனால் ஆகஸ்டுக்குள் வீடு பழையபடி ஆகிவிட்டது. பிராங்க்ளின் குடிக்காமல் இருப்பது எல்லோருக்கும் பழகிப்போனது. ஃபேனை அணைக்கவில்லை என்று அப்பா என் மேல் எரிந்து விழுவது போலவே அவன் மேலும் விழுந்தார். அத்தனை பெரிய சந்தோஷம் நாலே மாதத்தில் வற்றிவிட்டதே என்றிருந்தது. அது மறுபடி வர வேண்டுமென்றால் அவன் மறுபடி திரும்பி வர வேண்டும். திரும்பி வர வேண்டுமென்றால் முதலில் போக வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

ஒயின்ஷாப்பில் என்ன கேட்பது என்றுகூட எனக்குத் தெரியாது. "குவார்ட்டரா, ஆஃபா?" என்றார்கள். சின்னது போதும் என்றேன். அவன் ஆட்டோவில் பின்சீட்டுக்கு அடியில், கண்ணாடி துடைக்கிற துணிக்குள் சுற்றி வைத்தேன். வைத்தது நான், திறந்தது அவன். சோதனை வேறு, பாவம் வேறு. ஞானோபதேச வகுப்பில் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஒன்பது நாள் குடித்தான். பத்தாம் நாள் பாவசங்கீர்த்தனம் செய்தான். அப்பா மறுபடி அழுதார். முதல் தடவையைவிட நன்றாகவே இருந்தது.

அந்த ஒன்பது நாளில் அவன் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நான்தான். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஈரல் கெட்டுப்போச்சுங்க. இனிமே தொட்டாருன்னா ஆள் பிழைக்க மாட்டாரு. வீட்ல நீங்கதான் பார்த்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வீணாகப் பயப்படுவார்கள்.

டிசம்பர் முடிகிறவரை பார்த்துக்கொண்டேன். திருவானைக்காவல் பக்கம் சவாரி கிடைத்தால் அங்கிருந்து அப்பாவுக்கு வாழைப்பழம் வாங்கி வருவான். "எம்மவன் வாங்கியாந்தது" என்று அப்பா தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுப்பார். நான் வாங்கிய பழமும் அதே தட்டில்தான் இருக்கும். இந்தத் தடவை சந்தோஷம் வற்றும்வரை நான் காத்திருக்கவில்லை.

ஜனவரியில் இரண்டாவது பாட்டிலை வைத்தேன். அதே இடம். பெரியதாகவே வாங்கினேன்.

ஆறாம் நாள் ரத்த வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குச் சாமியாரை அழைத்து வந்ததும் நான்தான். பிராங்க்ளின் அழுதுகொண்டே பாவசங்கீர்த்தனம் செய்தான். சாமியார் அவன் நெற்றியில் எண்ணெய் பூசினார். அவர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சீட்டுக்கு அடியில யாரு வச்சாங்கன்னு தெரியலண்ணே. தூக்கிப் போட்டிருக்கணும், முடியல. ஒங்களுக்கு ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன். என்னை மன்னிச்சிருங்கண்ணே."

மன்னித்துவிட்டேன் என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடினான். மறுநாள் மதியம் இறந்தான்.

நேற்று நானும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் கடைசிவரை கேட்டார். பிறகு, "செஞ்ச பாவத்துக்காக மனஸ்தாபப்படுறியாப்பா?" என்று கேட்டார்.

"தம்பி நல்லபடியா மனந்திரும்பித்தான் போனான் சாமி. சந்தோஷமாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் பாவமன்னிப்புக் கொடுக்கவில்லை. "ஆண்டவர் கதவைச் சாத்தலப்பா. நீதான் இன்னும் வாசலுக்கே வரல" என்றார். அது எனக்குப் புரியவில்லை. அந்த வாசலை விட்டு நான் ஒருநாளும் போனதே இல்லை.

அதனால்தான் இங்கே வந்தேன், சார். பிராங்க்ளினைக் கொன்றது நான். தெரிந்தே செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அப்பாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். முழங்கால் வலி, மெதுவாகத்தான் வருவார். நான் இப்படியே உட்கார்ந்திருக்கிறேன். என்னுடையது பிராங்க்ளினுடையதைவிட எவ்வளவோ பெரிய பாவம். அவனுக்கு அழுததைவிட எனக்கு அதிகமாகத்தான் அழுவார்.