ஒட்டிக்க மறுத்த அணுக்கள்

...மெஷின்தான் அண்ணா கோளாறு, வேற என்ன? நான் கழுவறதுல தப்பே கிடையாது. நீங்க நல்லா சாய்ஞ்சுக்குங்க. ரத்தம் குடுத்த உடனே எந்திரிக்கக் கூடாது. தலை சுத்தினா நான் பிடிச்சுக்கணும், அதுக்குத்தான் என்னை இங்க உக்கார வெச்சிருக்காங்க. உக்கார வெச்சிருக்காங்க என்ன... லேபை விட்டுத் துரத்திட்டாங்க. படிக்க வந்தவளை ஜூஸ் குடுக்க அனுப்பிட்டாங்க.

யாரா? எங்க மேடம்தான். ரெண்டு தடவை டெஸ்டைச் சொதப்பிட்டேனாம். இன்னைக்கு சாயங்காலம் ஒழுங்கா செஞ்சு காட்டலைன்னா, அடுத்த பேட்ச்சோட முதல்லேருந்து படிக்கணுமாம். அடுத்த பேட்ச்ல யாரு தெரியுமா? என் தங்கச்சி. வாசல்ல உங்களுக்கு எடை பாத்தாளே, ரெட்டை ஜடை, அவதான். ஏற்கனவே என் சீப்பு, என் குடை, என் செருப்பு எல்லாம் அவளுது. இனி பெஞ்சுலயும் பக்கத்துல உக்காரணுமாம்.

என்ன டெஸ்ட்டா? கேட்டுட்டீங்க, இனி சொல்லாம விடமாட்டேன். குரூப் ஒண்ணா இருந்தா மட்டும் ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தருக்கு ஏத்திட முடியாதுண்ணா. உங்க சிவப்பணுவையும் பேஷண்டோட சீரத்தையும்... அதான், ரத்தம் உறைஞ்சதும் மேல தெளிஞ்சு நிக்குமே, மஞ்சத் தண்ணி... அது ரெண்டையும் சின்ன டியூப்ல கலந்து வெதுவெதுன்னு வெச்சிருப்போம். அப்புறம் உப்புத்தண்ணி விட்டு, மெஷின்ல சுத்த விட்டுக் கழுவி, கழுவி, கழுவி... சீரம் துளிகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினா, அடுத்து நாங்க விடற மருந்தை அது தின்னுடும். மருந்து விட்டதும் அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னா ஏத்தக் கூடாது. ஒட்டலைன்னா ஏத்தலாம்.

அங்கதான் சூட்சுமமே. ஒட்டலைங்கறது நிஜமாவே பொருத்தமா, இல்ல மருந்து செத்துப் போச்சா, எப்படித் தெரியும்? அதனால, மருந்து பட்டா கட்டாயம் ஒட்டிக்கற அணுக்கள்னு தனியா ஒரு பாட்டில் இருக்கு. அதுலேருந்து ஒரு சொட்டு விட்டுப் பாக்கணும். எல்லாருக்கும் ஒட்டுது. என் டியூப்ல மட்டும், கல்யாண வீட்ல கோவிச்சுக்கிட்ட சம்பந்திங்க மாதிரி தள்ளித் தள்ளி நிக்குது.

எங்க தப்புன்னு மேடத்துக்குத் தெரியும். சொல்ல மாட்டாங்க, நீயே கண்டுபிடிங்கறாங்க. "வாயை விட்டுட்டு உன் கையைப் பாரு"ங்கறாங்க. நான் பேசினா மருந்து செத்துடுமா? எங்கம்மாவும் இப்படித்தான்... பால் பொங்கி வழிஞ்சாக்கூட நான் பேசினதாலதான். அந்தச் சுத்துற மெஷின் ஒழுங்கா சுத்தலைண்ணா, அவ்ளோதான் விஷயம்.

ஜூஸ் குடிங்க. இருங்க இருங்க, பாட்டில் அடியில சக்கை தங்கியிருக்கு, குலுக்கித் தரேன். மூடி எங்க... கட்டிலுக்கு அடியில உருண்டிடுச்சு. பரவால்ல, எங்க டியூபுக்கும் மூடி கிடையாது. கழுவறப்ப டியூப் வாயில கட்டைவிரலை வெச்சு இப்படி ஒரு குலுக்கு, அடுத்த டியூப், ஒரு குலுக்கு, அடுத்த டியூப்... மடமடன்னு முடிச்சிடுவேன். அந்த வேகம் எங்க வகுப்புலயே யாருக்கும் வராது. இந்தாங்க.

ஏன், வேணாமா? இப்பதானே தாகம்னீங்க. என் விரலையே ஏன் பாக்கறீங்க? ஓ... விரல் பட்டுடுச்சா? பட்டா என்னண்ணா, சுத்தமான விரல்தான். லேப்ல க்ளவுஸ் வேற போட்டிருப்பேன். ஒரு டியூப்ல இருக்கறது விரல்ல லேசா ஒட்டும், அதுக்கென்ன இப்ப, அடுத்த டியூப்ல வைக்கறப்ப...

அடுத்த டியூப்ல.

அண்ணா... கழுவிக் கழுவி ஊத்தின சீரத்தை நானே திரும்பத் தடவி விட்டிருக்கேன். ஒவ்வொரு டியூபுக்கும். அதுவும் வேகமா.

கையைப் பாருன்னாங்களே அந்த மகராசி.

நீங்க எந்திரிக்காதீங்க, நான் எந்திரிக்கறேன். வேற பாட்டில் அனுப்பறேன், ரெட்டை ஜடை கொண்டு வருவா. அக்கா ஏன் இப்படி ஓடறான்னு கேப்பா, கேக்காம இருக்க மாட்டா. மெஷின் சரியாயிடுச்சாம்னு சொல்லிடுங்க.