எண்ணுக்குப் பெயர் கிடையாது

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. என் மூக்குக்கண்ணாடிமேல் சத்தியம். அது போனால் எனக்கு உலகமே கிடையாது. ஸ்டேஷன் டீ நன்றாக இருந்தது ஐயா, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

எனக்கு ஃப்ரீசர் காவல் வேலை. மனிதனின் மரபணுவை முழுவதுமாக யார் முதலில் படித்து முடிப்பது என்று எங்கள் கம்பெனிக்கும் அரசாங்க ஆய்வகத்துக்கும் போட்டி. படித்த இடத்துக்கெல்லாம் முதலாளி வேலி போட்டுக் காப்புரிமை வாங்கினார். ரத்தம் பிடித்து வைக்கும் கண்ணாடிக் குழாய்களில் எண் மட்டும்தான் இருக்கும். யாருடையது என்று படிப்பவருக்குத் தெரியக்கூடாது. எண்ணை ஒட்டுவது நான்.

எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் குடலில் கட்டி வந்து அற்பாயுசில் போனவர்கள். அப்படிப்பட்ட குடும்பங்களைக் கம்பெனி தேடியது. தம்பியைக் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். ஒரு தொப்பி கொடுத்தார்கள். அந்த ரத்தங்களில்தான் நோய்க்கான மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அந்தப் பிழை இல்லை.

செய்தி வந்ததும் பொது மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா அந்தச் சோதனையைச் சும்மாவே செய்ய ஆரம்பித்தார். தம்பியின் முறை வருவதற்குள் கம்பெனி காப்புரிமையைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் விட்டு நிறுத்திவிட்டது. கம்பெனியில் செய்துகொள்ளலாம், விலைதான் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது.

“என் ரத்தத்துல எடுத்துட்டு, அதைப் பாக்க என்கிட்டயே வாடகை கேக்குறானா? அந்தத் தொப்பியத் திருப்பிக் குடுத்துடுண்ணே, கணக்கு தீந்துடும்,” என்றான் தம்பி.

வலி வந்து காட்டியபோது கட்டி ஈரல்வரை போயிருந்தது. தொப்பி இன்னும் ஆணியில் தொங்குகிறது.

கோபம் வந்தால் நான் கத்தமாட்டேன், ஐயா. சோறு நன்றாக இறங்கும்.

போட்டி முடியும் நேரத்தில் முதலாளிக்கு ஓர் ஆசை. முழுதாகப் படிக்கப்படும் முதல் மனிதன் தானாக இருக்க வேண்டும். ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு, குழாயை அவரே எடுத்து வந்தார்.

“பெருசு, பத்திரம். இது நான்.”

“உங்கள என் தம்பி பக்கத்துலயே வைக்கிறேன், முதலாளி.”

சிரித்தார். வைத்தேன். எண்களை மட்டும் மாற்றி ஒட்டினேன்.

தம்பியை முதலாளி என்று படித்தார்கள். பிழை கண்ணில் பட்டது. கம்பெனி மருத்துவர், இன்னொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், அவசரமில்லை என்றார்.

“ரெண்டாந்தரம் பாத்தா, நம்ம மெஷின் மேல நமக்கே நம்பிக்கை இல்லேன்னு எதிராளி சிரிப்பான்,” என்றார் முதலாளி. காத்திருந்து பழக்கமில்லாதவர். கட்டி வருமுன்பே பெருங்குடலை முழுசாக எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். நல்ல குடல். தையல் விட்டு, சீழ் பிடித்து, அந்த வாரமே போய்ச்சேர்ந்தார்.

அறுவை நடக்கப்போகும் நாள் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. எண்ணுக்குப் பெயர் கிடையாது என்பது அவர் போட்ட விதி. நான் விதியை மீறாதவன்.

ஆகவே கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பிழைக்க வழி இருக்கிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்து என் தம்பியைக் கொன்றவர்களையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அவர்களுக்கு என்னைவிடப் பெரிய தண்டனை வேண்டும்.

கம்பெனி ஊழியருக்கும் உடன்பிறந்தவருக்கும் அந்தச் சோதனை இலவசம். நான் எனக்குச் செய்துகொண்டேன், தம்பியிடம் சொல்ல மறந்துவிட்டேன்.